திரும்பி வந்த கோமேதகம்

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ராசிக்கல் வாங்குகிறவர் பார்ப்பது கனவை. கல்லைப் பட்டுத்துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போய், தலையணைக்கு அடியில் வைத்து மூன்று இரவு படுக்க வேண்டும். கனவில் கோயில், யானை, நிறைகுடம் வந்தால் கல் அந்த வீட்டுக்கு ஆகும். பாம்பு, பாடை, பல் விழுவது என்று வந்தால் ஆகாது, கடைக்கே திருப்பிவிடலாம். படுக்கப் போகுமுன் என்ன தின்றார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கோயமுத்தூரில் டவுன்ஹாலை ஒட்டிய ஒரு சந்தில் நவரத்தினக் கடை வைத்திருந்த வரதராஜுலுவும் கேட்டதில்லை. ‘பார்வைக்குக் கொடுப்பது’ என்று அவர் அதைச் சொல்வார். கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கல்லை மகாலட்சுமி படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, முதலாளி தன் வலது கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்த கற்கள் கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். விளக்கு வைத்த பிறகு அவர் அந்த டப்பாவைத் தொடமாட்டார். பகலில் தொட்டாலும் கை கழுவிக்கொள்வார்.

அந்தக் கடையில் கூட்டிப் பெருக்குவதும், கற்களைக் கழுவித் துடைத்து நிறம் நிறமாகப் பிரித்து வைப்பதும் பாவாத்தாளின் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒடிசலான உடம்பு, உரத்த குரல். அந்தக் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் தணித்துக்கொள்ளவில்லை.

பிறந்தது காங்கேயத்துப் பக்கம், மானாவாரிக் காடுகளில் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில். நல்ல மழை பெய்து செம்மண் கழுவிப் போன மறுநாள் அங்கே களையெடுக்கப் போகிற பெண்களின் கண் பயிரில் நிற்காது. வரப்போரமெல்லாம் மாதுளை முத்து மாதிரி சிவப்புக் கற்கள் எட்டிப் பார்க்கும். பொறுக்கி முந்தானையில் முடிந்து காட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. காடு அவருடையது என்றால் காட்டில் முளைத்த கல்லும் அவருடையதுதானே. பாவாத்தாள் அந்த வயதிலேயே கல்லை வாயில் போட்டு அடக்கிக்கொள்வாள். எங்கே என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். பாவம், பேச்சு வராத பிள்ளை என்று காட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவிநாசிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். புருசன் கிணறு வெட்டுகிற ஆள். வருசம் திரும்புவதற்குள் பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டது. வந்த காலு சரியில்லை என்று மாமியார் மாரடித்து அழுதபோது, பாவாத்தாளும் அழுதுகொண்டேதான் கேட்டாள்.

“வெடிக்குத் திரி வெச்சது என்ற காலுங்களா அத்தே?”

அந்தக் கேள்விக்கு அவளை மூட்டை கட்டி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்டவள் பிறந்த ஊருக்குப் போகவில்லை. கோயமுத்தூருக்கு வந்து, உக்கடத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் இந்தக் கல் கடையில் ஒட்டிக்கொண்டாள்.

வரதராஜுலு கெட்டவர் இல்லை. பேச ஆள் கிடைத்தால் போதும், கல்லைப் பற்றிப் பொழுதெல்லாம் பேசுவார். வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம், கல் விற்க வருகிற ஜெய்ப்பூர்க்காரர் கொண்டுவந்த பொட்டலங்களைப் பிரித்து வெள்ளைத்துணியில் பரப்பினார். ஒன்று தேன் நிறம். ஒன்று உறைந்த ரத்தம். ஒன்று நாவற்பழத்தை நசுக்கிய ஊதா. ஒன்று கமலா ஆரஞ்சு. ஓரத்தில், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரே ஒரு பச்சை.

“இதெல்லாம் வேற வேற கல்லுன்னுதானே நெனைக்கறே? எல்லாம் ஒரே குடும்பம். கார்னெட்டுன்னு பேரு. மண்ணுல கூட எது சேந்துச்சோ, அதுக்குத் தக்கன நெறம்.”

“இதுல நவரத்தினத்துல சேந்தது எதுங்க?”

“இந்தத் தேன் நெறம் மட்டுந்தான். கோமேதகம். ராகுவுக்கு உகந்தது.”

“மத்ததெல்லாம்?”

“சும்மா அழகுக்கு.”

“இந்தச் செவப்பு எங்கூருக் காட்டுல கெடக்கறதாச்சுங்களே.”

“அது காட்டுக்கல்லு கண்ணு. அத யாரு சீந்துவாங்க?”

பாவாத்தாள் சிவப்புக் கல்லையும் கோமேதகத்தையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “ஒரே வயித்துல பொறந்ததுங்கறீங்க. தேன் நெறத்துல பொறந்தா நவரத்தினம், ரத்த நெறத்துல பொறந்தா காட்டுக்கல்லுங்களா?”

“சாஸ்திரம் அப்படி எழுதியிருக்குது.”

“எழுதுனவிய எங்கூருப் பக்கம் வந்திருக்க மாட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

அவர் சிரித்துவிட்டார். சிரிக்க முடிகிற மட்டும் அவளுடைய பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

பீளமேட்டில் நூல் மில் வைத்திருந்த வெங்கடபதியின் மனைவி ராமாமணி ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள். பஞ்சு விலை ஏறி, கரண்ட் வெட்டு வந்து, மில் தள்ளாடிக்கொண்டிருந்த சமயம். ஜோசியர் ராகு தசை என்று சொல்லி, கோமேதகம் போடச் சொல்லியிருந்தார். கல்லை முந்தின வாரமே பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்தாயிற்று. நல்ல நேரத்தில் கையில் வாங்கிப் போக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வரதராஜுலு பாங்குக்குப் போயிருந்தார்.

ராமாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பாவாத்தாளை மட்டும் பார்க்கவில்லை.

“நேரம் போயிரும். நீயே எடுத்துக் குடு.”

“மொதலாளி இப்ப வந்துருவாருங்க அம்மணி.”

“குடுன்னா குடு.”

பாவாத்தாள் எடுத்தாள். துணியில் முடியும் முன்னால் ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெல்லப்பாகு கொதிக்கும்போது உள்ளே சுருண்டு சுருண்டு ஓடுமே, அப்படியொரு ஓட்டம் அதற்குள் இருந்தது. நல்ல கோமேதகத்துக்கு அதுதான் அடையாளம் என்று வரதராஜுலு சொல்லியிருந்தார். எத்தனையோ கோமேதகத்தைக் கழுவித் துடைத்தவள், ஆனால் வாங்குகிறவர் கையில் எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் ஒரு சந்தோசம் ஓடியது. நல்லா இருக்கட்டும் இந்தக் குடும்பம் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

நாலாம் நாள் காலையில் ராமாமணி திரும்பி வந்தாள். பட்டு முடிச்சை மேஜை மேல் விட்டெறிந்த சத்தத்தில் தராசு ஆடியது.

“மூணு ராத்திரியும் ஒரே கனா. மில்லுச் சங்கு ஊதவே இல்ல. கேட்டுக்கு முன்னால ஆளுக அத்தன பேரும் முதுகக் காட்டிட்டு நிக்கறாங்க. என்ன கல்லுங்க குடுத்தீங்க?”

வரதராஜுலு பதறினார். “நானே சாமி படத்துக்கு முன்னால...” என்று ஆரம்பித்து, அன்றைக்குத் தான் கடையில் இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். அவர் கண் தன்னையறியாமல் பாவாத்தாள் பக்கம் போனது. ராமாமணியின் கண்ணும் கூடவே போனது. வெறும் நெற்றி, வெறும் கழுத்து. இத்தனை நாளில் அவளை முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

“இவளா? தாலியறுத்தவ கையில எடுத்துக் குடுக்க வெச்சிருக்கீங்க. அதுவும் ராகு கல்ல. எங்க குடும்பம் வெளங்குமா?”

“நீங்கதானுங்க அம்மணி நீயே குடுன்னீங்க” என்றாள் பாவாத்தாள்.

“நீ யாருன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

ராமாமணி போய்க் காரில் ஏறிக்கொண்டாள். வரதராஜுலு முடிச்சை ஒரு காகிதத்தால் பிடித்து டப்பாவுக்குள் போட்டார். பிறகு கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பெரிய குடும்பம், வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கடைக்கு யார் வருவார்கள் என்ற கவலை அவருக்கு. கடைசியில் டப்பாவையே எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இந்தச் சனியனே கடையில வேண்டாம். கொண்டு போயி ஓடற தண்ணியில போட்டுட்டு வந்துரு. நான் தொட்டா ஆகாது. உனக்கென்ன, உனக்கு ஆறதெல்லாம் ஆயிருச்சு.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிட்டு வா என்பது போலத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பாவாத்தாள் திருப்பித் திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும். சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நொய்யல் பாலத்தில் போய் நின்றாள். ஓடுகிற தண்ணீருக்கு அவள் எங்கே போவாள்? பாலத்துக்குக் கீழே கறுத்த தண்ணீர் நின்ற இடத்திலேயே நாறிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்தாள். நீலம் இரண்டொன்று, மற்றதெல்லாம் கோமேதகம். யாருக்கோ வயிற்றுப் பொருமலில் வந்த கனவுக்கும், யாருக்கோ பங்காளிச் சண்டையில் வராத தூக்கத்துக்கும் பழி சுமந்து திரும்பி வந்தவை. ராமாமணியின் கல்லை எடுத்து வெயிலில் பிடித்தாள். அதே பாகு, அதே ஓட்டம். ஒரு குறையும் இல்லை அதனிடம். ஒரு வீட்டில் கெட்டது நடக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான் அது செய்த குற்றம்.

“ஆறதெல்லாம் ஆயிருச்சா?” என்று பாவாத்தாள் ஆற்றைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தார்.

அங்கிருந்து நேராக வெள்ளி வேலை செய்கிற நஞ்சப்பனிடம் போனாள். அவருக்கு அந்தச் சந்தில் எல்லாக் கடைகளும் பழக்கம். கல்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“ஏனம்மணி, இது அந்த டப்பாக் கல்லுதானே?”

“ஆமாங்க. என்ற மோதர வெரலுக்கு ஒரு வெள்ளி மோதரம் போட்டுக் குடுங்க.”

“உனக்கா?”

“எனக்குத்தானுங்க.”

நஞ்சப்பன் உலை ஊதுவதை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “மோதரம் பண்ணித் தாரேன். கல்ல நான் தொட மாட்டேன். குழியில நீயே வெச்சுக்க. கொக்கிய மட்டும் மடக்கி உடறேன்.”

மோதிரம் தயாரானதும் பாவாத்தாள் கல்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, குறடால் கொக்கிகளை மடக்கினார். புருசன் செத்த பிறகு அவள் உடம்பில் ஏறிய முதல் நகை அதுதான். அன்றைக்கெல்லாம் அந்தக் கையால் எதையும் பிடிக்காமல், விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் டப்பாவைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தாள்.

“நீங்களே போட்டுக்கங்க மொதலாளி. தூக்கி வீசறதுக்கு எனக்குக் கை வரலீங்க. இந்த ஒண்ண மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்.” விரலை நீட்டிக் காட்டினாள்.

வரதராஜுலுவின் முகம் வெளுத்தது. “பாவாத்தா, வெளையாடாதே. களட்டு.”

“எதுக்குங்க? எனக்குத்தான் ஆறதெல்லாம் ஆயிருச்சுங்களே. இனி இது என்னை என்ன பண்ணும்?”

“உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் பயமே!” அவசரத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டது என்று அவரும் தொடர்ந்தார். “இங்க பாரு கண்ணு. மில்லுக்காரங்க ஊட்டுக்கு ஆகாத கல்ல, தாலி இல்லாத நீ போட்டுட்டு இந்தக் கடையில நடமாடி, நல்லாவும் இருந்தீன்னு வையி. வாரவங்க என்ன நெனைப்பாங்க? அப்பறம் என்ற வியாபாரம் என்னாகறது?”

“அப்ப நான் நல்லா இருக்கக் கூடாதுங்களா?”

“ஊட்டுல போட்டுக்க. பொட்டியில வெச்சுக்க. இங்க வேண்டாம். மோதரமா வேலையான்னு நீயே முடிவு பண்ணிக்க.”

பாவாத்தாள் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். லைன் வீட்டு வாடகை, அரிசி, வரப்போகிற மழைக்காலம் எல்லாம் அவள் கண் முன்னால் வந்து போயின. மோதிரத்தைக் கழற்றினால் இத்தனையும் பத்திரம். கழற்றினால், மாமியார் சொன்னது சரி, ராமாமணி சொன்னது சரி, தன் கை ஆகாத கைதான் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விளக்குமாறை அதன் மூலையில் சாத்தினாள். “வாரனுங்க மொதலாளி” என்றாள். படி இறங்கும்வரை அழவில்லை.

டவுன்ஹால் நடைபாதையில் சாயிரா பானு வளையல் கடை போட்டிருந்தாள். அவளுடைய புருசன் வளைகுடாவுக்குப் போய், கடிதம் போடுவதை நிறுத்தி, பிறகு அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவதாகச் செய்தி மட்டும் வந்திருந்தது. பாவாத்தாள் மோதிரக் கதையைச் சொல்லி முடித்ததும், அவள் தன் சாக்குப் படுதாவை ஒரு முழம் அந்தப் பக்கம் இழுத்து இடம் விட்டாள்.

“எனக்கு ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது. உக்காருக்கா.”

பாவாத்தாள் காங்கேயத்துக்குப் பஸ் ஏறினாள். களையெடுக்கிற பெண்கள் காட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த சிவப்புக் கற்களை அவளுக்குக் கொடுத்தார்கள். பட்டை தீட்டுகிறவர்களிடம் கொடுத்துத் துளை போட்டு, மணிமாலையாகக் கோத்தாள். ஜெய்ப்பூர்க்காரர் ஊதாவும் ஆரஞ்சுமாகக் கொஞ்சம் நம்பிக் கொடுத்தார். வரதராஜுலு சீந்தாத நிறமெல்லாம் அவள் படுதாவில் வந்து உட்கார்ந்தன.

ஆரம்பத்தில் ஒரு ஈ காக்கை அண்டவில்லை. வருகிறவர்கள் குனிந்து மாலையை எடுப்பார்கள், நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்ப்பார்கள், மாலையை அப்படியே வைத்துவிட்டு வளையல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, புருசன் வெளியூரில் இருக்கிறான் என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று லைன் வீட்டுக்காரி ஒருத்தி யோசனை சொன்னாள்.

“பொட்டு வெக்கோணும்னு எனக்குத் தோணுனா வெச்சுக்குவேன். வியாபாரத்துக்கு வெக்க மாட்டேன்” என்றாள் பாவாத்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. சந்தில் எல்லாருக்கும் பரம திருப்தி. கல் வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு, கண் மஞ்சள் மாறுவதற்கு முன்பே கடைக்கு வந்து, மோதிரம் தெரிகிற மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மழையில் வரதராஜுலுவும் காமாலையில் படுத்திருந்தார். அதற்கு எந்தக் கல் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் வாங்கியது மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற பெண் ஒருத்தி. ஷிப்ட் முடிந்து, தலைமயிரில் பஞ்சோடு வந்தவள் சிவப்பு மாலையை எடுத்தாள்.

“இதப் போட்டா என்ன பலனுங்க்கா?”

“கழுத்துல செவப்பா இருக்கும்.”

அந்தப் பெண் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவளோடு வேலை செய்கிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். அதன் பிறகு யார் பலன் கேட்டாலும் பாவாத்தாளிடம் அதே பதில்தான். ஊதாவைப் போட்டால் ஊதாவாக இருக்கும், ஆரஞ்சைப் போட்டால் ஆரஞ்சாக இருக்கும். சாயிராவின் கையெழுத்தில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டாள்: ‘ராசி பார்த்துக் கல் தரமாட்டோம். பார்வைக்குத் தரமாட்டோம். போட்டுக்கொண்டு போகிறவர்கள் மட்டும் வாங்கவும்.’

யார் யாரோ வந்தார்கள். புருசன் போனவர்கள், புருசன் விட்டுப் போனவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள், நிறத்துக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே சிவப்பைத் தொடாமல் வளர்ந்தவர்கள். எல்லாரும் முதலில் மாலையைக் கையில் மறைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். பாவாத்தாள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, போட்டுப் பாருங்க என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொல்வாள். ஒரு காலத்தில் தணித்துக்கொள்ளச் சொன்ன குரல் அது.

வெங்கடபதியின் மில் இரண்டு வருசம் கழித்துப் பூட்டப்பட்டது. அதற்கு மறு வருசம் மாரடைப்பில் அவரும் போனார். அந்தக் கல்லை விரலில் போட்டுக்கொண்டு ஒருத்தி நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் குடும்பத்தின் ராசியையே அவள் உறிஞ்சிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. வாங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலர் வழிமாறிப் போனார்கள். பாவாத்தாளுக்கு உண்மையாகவே வலித்தது. மனதார வாழ்த்திக் கொடுத்த கல் அது. ஆனால் மோதிரத்தைக் கழற்றவில்லை. இப்போது கழற்றினால் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டியது போலாகும் என்று இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அமாவாசைக்கு அமாவாசை அவளும் சாயிராவும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆனைமலைக்குப் பஸ் ஏறுவார்கள். மாசாணியம்மன் கோயிலுக்கு அன்றைக்கு எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். பொருளைத் தொலைத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் மிளகாய் அரைத்து அங்கிருக்கிற நீதிக்கல்லில் பூசி, கெடுத்தவர் பேரைச் சொல்லி முறையிட்டுவிட்டு வருவார்கள். மனம் கொதித்து வருகிற பெண்களுக்குச் சிவப்பு மாலை ஏனோ பிடித்துப்போகும். தொண்ணூற்றேழில் அப்படியோர் அமாவாசையன்று, கடைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். வெளிறிய சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. பாவாத்தாளுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. வந்தவளுக்கு மோதிரத்தை அடையாளம் தெரிந்தது.

ராமாமணிதான். விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது.

“மொளகா அரச்சாச்சுங்களா அம்மணி?” என்று பாவாத்தாள்தான் ஆரம்பித்தாள். குரல் கொஞ்சமும் தணியவில்லை. “எம்பேரச் சொல்லித்தானே அரச்சீங்க?”

“அதுக்குத்தான் வந்தேன்” என்றாள் ராமாமணி. “கையில மொளகாயும் எடுத்துட்டேன். பேரச் சொல்லோணும்னு வாயத் தொறந்தா, உன் பேரு என்னன்னே எனக்குத் தெரியல.”

“பாவாத்தாளுங்க. மறுக்காப் போயி அரச்சுட்டு வாங்க. நான் பொழுது சாயற மட்டும் இங்கதான் இருப்பேன்.”

ராமாமணி போகவில்லை. சாயிரா வாடிக்கைக்காரர்களுக்குப் போடுகிற முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“உதய்க்கு வர்ற மாசம் கல்யாணம். என் பையன். முகூர்த்தத்தப்ப நான் மேடைப் பக்கம் வரக் கூடாதாம். அட்சதை போடக் கூடாதாம். என்னோட நாத்தனாரு சொல்றா, ‘அண்ணி, நீங்க உள்ளாற இருந்துக்கங்க, கெட்ட சகுனம் ஆயிரும்’னு. பெத்தவ நான்.”

பாவாத்தாள் மாலைகளை அடுக்கினாள். இரக்கம் என்று சொன்னால் அது சரியில்லை. இவள்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த நாத்தனாரை, இதுவரை கண்ணால் கண்டிராத அந்த நாத்தனாரை, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போல வாய் துறுதுறுத்தது.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? இந்தக் கல்லு உங்க ஊட்டுல இருந்தது மூணு ராத்திரி. என்ற கையில இத்தன வருசமா இருக்குது. சாப்பிடறேன், தூங்கறேன், காமாலை வந்துச்சு, போயிருச்சு. இது கெடுக்கோணும்னா யாரையுங்க கெடுத்திருக்கோணும்?”

“அதனாலதான் கேக்கறேன்” என்றாள் ராமாமணி. “அதை எனக்குக் குடு. அதப் போட்டுட்டுத்தான் என் பையனுக்கு அட்சதை போடப் போறேன். அவங்க எல்லாருக்கும் இந்தக் கல்லத் தெரியும்.” பிறகு பழைய பழக்கம் நாக்கில் வந்து நின்றது. “மூணு நாளு வெச்சுப் பாத்துட்டு...”

பாவாத்தாள் கையை நீட்டி அட்டையைக் காட்டினாள். ராமாமணி வாய்விட்டுப் படித்தாள். ‘பார்வைக்குத் தரமாட்டோம்’ என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

பாவாத்தாள் மோதிரத்தைத் தடவினாள். வேலையை விட்டது இதற்காக. பட்டினி கிடந்தது இதை வைத்துக்கொண்டு. ஆகாத கை இல்லை என்பதற்கு ஊருக்குக் காட்ட அவளிடம் இருந்த ஒரே சாட்சி இதுதான். முடியாது என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் தன் வெறும் கையை மடியில் ஒளித்துக்கொண்டிருந்தாள். மாலையைக் கையில் மறைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற அதே ஒளிப்பு.

“வெலை வாங்கிக்குவேன். சும்மா குடுத்தா தானமாயிரும்” என்றாள்.

“தர்றேன்.”

“இன்னொண்ணு. இங்கயே, இத்தன பேரு பாக்க, என்ற கையாலதான் போட்டு உடுவேன். சம்மதம்னா கையை நீட்டுங்க.”

கூட்டத்தில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ராமாமணி ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். இருந்திருக்கும். பீளமேட்டுக்காரர்களும் அமாவாசைக்கு வருவார்கள். மடியிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள்.

பாவாத்தாள் தன் விரலிலிருந்து மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினாள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. ராமாமணியின் விரல் தடித்தது, மோதிரம் கணுவில் நின்றுவிட்டது. வளையல் ஏற்றுவதற்கு வைத்திருக்கிற சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைச் சாயிரா சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தாள். பாவாத்தாள் சோப்பைத் தடவி, ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் என்று சொல்லாமலே ஒரே அழுத்தாக அழுத்தினாள். கல் ஏறி உட்கார்ந்தது. சூரிய வெளிச்சத்தில் உள்ளே பாகு ஓடியது.

ராமாமணி கையைத் தூக்கிப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம். விலையைக் கொடுத்துவிட்டு எழுந்தவள் நாலடி போய், மறுபடி திரும்பி வந்து, சின்னக் குரலில் கேட்டாள்.

“பாவாத்தா, மறுபடி அந்தக் கனா வந்துச்சுன்னா என்ன பண்றது?”

பாவாத்தாள் அதற்குள் ஒரு சிவப்புக் காட்டுக்கல்லை எடுத்து, வெளுத்துப் போன தன் விரல்மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“எந்திரிச்சு ஒரு சொம்பு தண்ணி குடிச்சுப்போட்டு மறுக்காப் படுங்க அம்மணி. வெடிஞ்சிரும்.”